முன் கதவு ரெண்டு மட்டும்

— மெதுவாவே செய்யுங்க கதிரேசண்ணா. எனக்கு ஒண்ணும் அவசரமில்லீங்க.

— இந்தக் கணபதி ஏரியாவுல இருவது வருசமா காருக்கு ஸ்பீக்கர் மாட்டறேன், அவசரமில்லீங்கற மொத ஆளு நீங்கதான் அம்மணி. வாரவங்க அத்தன பேரும் கால்ல சுடுதண்ணிய ஊத்திக்கிட்டுத்தான் வருவாங்க.

— எத்தன நேரம் ஆகுமுங்க?

— உங்க மாமனார் ஓட்டுன வண்டிங்கறீங்க, நெம்பப் பழசு பாருங்க. கதவு அட்டையக் கழட்டோணும், கிளிப்பு ஒடையாம எடுக்கோணும். ஸ்பீக்கர் பேப்பரு அப்பளமா நொறுங்கிக் கெடக்குது. ஒயரு கலரெல்லாம் மங்கி, எது ப்ளஸ்ஸு எது மைனஸ்ஸுன்னே தெரியல. மாத்திக் குடுத்துப்போட்டம்னா பாட்டு சப்புன்னு போயிரும் பாருங்க. ரெண்டு மணி நேரம் வெச்சுக்கங்க.

— சரிங்க.

— பாப்பாவக் கூட்டப் போகோணுமுங்களா? ஸ்கூல் பையி முன்னாடி கெடக்குதே.

— அது பழைய பையிங்க. காலைல கொண்டு உடறதும் எங்க ஊட்டுக்காரருதான், சாயங்காலம் கூட்டறதும் அவருதான். பீளமேட்டுல அவரு ஆபீஸ் ஜன்னல்ல பாத்தா ஸ்கூல் கேட்டு தெரியுமுங்க. ஒருக்கா நானே போயி கேட்டுல நின்னேன். அஞ்சு நிமிசத்துல எறங்கி வந்துட்டாரு.

— உங்க போனு அடிக்குதுங்க.

— ஆமாங்க... கணபதிலதானுங்க... கழட்டிட்டிருக்காருங்க... இல்லீங்க, வேற ஆரும் இல்லீங்க... இந்தாங்கண்ணா, உங்ககிட்டப் பேசோணுமாம்.

— வணக்கமுங்க சார். கதிரேசன்தானுங்க... கதவச் சாத்தோணுமுங்களா? எதுக்குங்க?... சரிங்க, இந்தா சாத்தறேன். கேட்டுச்சுங்களா?... ஆவட்டுங்க சார், முன் கதவு ரெண்டு மட்டும். பின்னாடி கை வெக்கலீங்க... வெச்சுட்டாரு.

— கதவச் சாத்திக் காட்டச் சொன்னாருங்களா?

— ஆமாங்க. நெசமாலுமே வண்டிகிட்டத்தான் நிக்கறமான்னு பாக்கறாராட்ட இருக்குது.

— தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. பத்து நிமிசத்துக்கு ஒருக்கா கூப்புடுவாரு. இந்த ஸ்பீக்கரே, பாப்பா பாட்டு வேணும்னு அழுததாலதான் சரின்னாரு.

— பாசமா இருக்கறவரு பாருங்க.

— பாசந்தானுங்க.

— சித்த இருங்க, நான் பின் சீட்டுல ஏறி ஒயர இழுத்துக்கறேன்... ஏனுங்க, இந்தக் கதவு தொறக்க மாட்டீங்குதே?

— உள்ளார இருந்து தொறக்காதுங்க. சைல்டு லாக்கு. இருங்க, நான் வெளிய இருந்து தொறக்கறேன்.

— பாப்பாவுக்காகப் போட்டதுங்களா?

— எனக்கும் சேத்துத்தானுங்க. அவரு ஓட்டறப்ப நானும் பின்னாடிதான் உக்காரோணும்.

— உங்களையுமுங்களா?

— நீங்க வேலையப் பாருங்கண்ணா.

— பாத்துட்டுத்தானுங்க இருக்கறேன். வலது பக்கம் முடிஞ்சுது. இடது பக்கம் ஒயரச் சுத்தி டேப்பு போட்டா ஆச்சு.

— மணி எத்தனைங்க?

— ரெண்டே காலுங்க.

— நானும் உள்ளார வந்து உக்காந்துக்கறேன். உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்.

— வண்டி அனலா கொதிக்குது அம்மணி, வெளியவே நின்னு சொல்லுங்க.

— இல்லீங்க, உள்ளார வாரேன்... கதிரேசண்ணா, இந்த வண்டிய எடுக்க நான் திரும்பி வர மாட்டனுங்க.

— என்னங்க சொல்றீங்க?

— பெரியநாயக்கன்பாளையத்துல என்ர அக்கா ஊடு இருக்குது. பஸ்ஸுல அங்க போறேன். மூணு மணிக்கெல்லாம் அங்க இருப்பேன். அவரு கூப்புட்டா, பாத்ரூம் போயிருக்கறாங்கன்னு மட்டும் சொல்லிப்போடுங்க. எட்டு வருசமாச்சுங்க. இனி என்னால முடியாது.

— பாப்பா?

— அவ அவருகிட்டயே இருக்கட்டும்.

— எத்தன வயசுங்க?

— ஏழு.

— ஏழு வயசுப் புள்ளைய உட்டுப்போட்டா போறீங்க! நானும் ரெண்டு புள்ளைக பெத்தவன். கஷ்டம் இருக்குது, புரியுது. ஆனா சாயங்காலம் வந்து அம்மா எங்கன்னு அந்தப் புள்ள கேக்காதுங்களா?

— கேப்பா. கேட்டா அவரு பதில் சொல்லட்டும். நான் மட்டும் போறேன். பெரியநாயக்கன்பாளையத்துக்குப் போறேன். அக்காகூடவே இருந்துக்குவேன்.

— ஏனுங்க இத்தன சத்தமாப் பேசறீங்க? ரோட்டுல போறவங்களுக்கெல்லாம் கேக்கும்.

— கேட்டாக் கேக்கட்டும்.

— எனக்கு மனசே ஆவல. என்னமோ பண்ணுங்க. நான் பாட்டப் போட்டுப் பாக்கறேன்... இதென்ன, புது ஸ்பீக்கர்லயும் டிர்ர் டிர்ர்னு இரையுது?

— முன்னாடியும் அப்பிடித்தானுங்க இரையும். அப்பப்ப வரும், அப்பப்ப நின்னுரும்.

— இது போனு பக்கத்துல இருந்தா வர்ற இரைச்சல் பாருங்க. உங்க போனு எங்க?

— வெளிய பெஞ்சு மேல, பையில கெடக்குது.

— என்ரது கடைக்குள்ள சார்ஜுல கெடக்குது. அப்பறம் எப்பிடி... இருங்க, இந்தச் சேப்பு ஒயரு எங்க போகுது? ஸ்டீரியோவுல இருந்து கால்மிதி மேட்டுக்கு அடியில... பின்னாடி...

— என்னங்கண்ணா?

— ஒண்ணுமில்லீங்க. எதுத்தாப்புல போயி ஒரு டீ குடிச்சுப்போட்டு வரலாம் வாங்க.

— இப்பங்களா?

— இப்பவேதானுங்க. எறங்குங்க. பேசாம வாங்க.

— வந்துட்டனுங்க. சொல்லுங்க.

— இன்னுஞ் சித்த தள்ளி, டீக்கடை ஓரமா நிப்போம். பதறாதீங்க அம்மணி. பின் கதவு அட்டைய லேசா நெம்பிப் பாத்தேன். தீப்பெட்டி அளவுக்கு ஒரு டப்பா. வண்டிக் கரண்டுலயே ஓடுது. உள்ள சிம்மு இருக்குது, மைக்கு இருக்குது. அவரு அந்த நம்பருக்கு அடிச்சா அதுவா எடுத்துக்கும். வண்டிக்குள்ள பேசறது பூராவும் அங்க கேக்கும். அதுதான் இரையுது. நீங்க சொன்ன அத்தனையும் கேட்டிருப்பாருங்க. அக்கா ஊடு, மூணு மணி, எல்லாம் போச்சு. அதுக்குத்தான் பின்னாடி கை வெக்காதன்னாரு, நாம்பாட்டுக்கு வாயக் குடுத்து...

— தெரியுமுங்கண்ணா.

— என்ன தெரியும்?

— அது எங்க இருக்குதுன்னு தெரியாது. இருக்குதுன்னு தெரியும். போன மாசம் வண்டில உக்காந்து அக்காகிட்டப் பேசி அழுதேன். அன்னைக்கு ராத்திரி சோறு உங்கறப்ப, நான் அழுததைக்கூட அப்பிடியே பண்ணிக் காட்டுனாரு. பாப்பாவ வெச்சுக்கிட்டே. சிரிச்சுக்கிட்டே.

— தெரிஞ்சுமா உள்ளார உக்காந்து அத்தன சத்தமா...

— என்ர போனு கடைசியா எப்ப அடிச்சுதுங்க?

— அட... ஆமாங்க. நீங்க வண்டிக்குள்ள பேசுனதுல இருந்து அடிக்கவே இல்லீங்களே.

— நான் பதில் சொன்னாத்தான் அவருக்கு நிம்மதி. கூப்புடலைன்னா, கையும் களவுமாப் புடிக்கக் கெளம்பிட்டாருன்னு அர்த்தம்.

— ஐயோ, உங்க அக்கா பாவமுங்க!

— அவங்க காலைலயே ஊட்டப் பூட்டிட்டு ஈரோடு போயாச்சு. இவரு மேட்டுப்பாளையம் ரோட்டுல பெரியநாயக்கன்பாளையம் வரைக்கும் போயி, பூட்டுன கதவத் தட்டட்டும்.

— இங்க வந்து நின்னாருன்னா நான் என்னத்தச் சொல்லுவேன்?

— ஸ்பீக்கர் மாட்டிட்டு இருக்கறேன்னு சொல்லுங்க. முன் கதவு ரெண்டு மட்டும்.

— பையி பெஞ்சுலயே கெடக்குது, போனு அதுக்குள்ள இருக்குதுங்களே?

— கெடக்கட்டும். அதுவும் வண்டியும் இங்கயே இருக்கோணும்.

— பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க அம்மணி, அப்ப எங்கதான் போறீங்க?

— பஸ்ஸு வேண்டாங்கண்ணா, அந்த ஆட்டோவக் கைகாட்டி நிறுத்துங்க; பீளமேட்டு ஸ்கூல் கேட்டுக்குப் போகோணும், மூணேகாலுக்கு பாப்பா வெளிய வருவா, இன்னைக்கு அந்த ஜன்னல்ல ஆரும் இருக்க மாட்டாங்க.