றோசம்மா அக்காவின் தனியாள் ஆய்வு

படிப்பதற்கு இறுப்பிட்டியைப் போல வசதியான ஊர் வேறு இருக்காது. எங்கள் ஒழுங்கையில் வீடுகளுக்குக் குறைவில்லை, ஆட்கள்தான் இல்லை. எல்லோரும் கனடா, பிரான்ஸ் என்று போய்விட்டார்கள். கோயில் தேருக்கு வந்து, வெயிலை ஒரு மூச்சுத் திட்டிவிட்டு, திரும்பவும் பூட்டிக்கொண்டு போவார்கள். பெரியப்பா அப்படிப் பூட்டிவிட்டுப் போன வீட்டில்தான் உளவியலாளர் உரிமப் பரீட்சைக்குப் படித்தேன். ஒலிபெருக்கி இல்லை, பிள்ளைகளின் சத்தம் இல்லை. பனைகளுக்குள் காற்று மட்டும் நாள் முழுவதும் கிடந்து அடிக்கும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் இதைத் தொடங்கினேன். உரிமம் கிடைத்த பிறகும் முதல் வருடம் ஒரு மூத்தவரின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும் என்பது விதி. எனக்கு அந்த மூத்தவர் நீங்கள். ஒவ்வொரு மாதமும், "பவதாரணி, மனதை அலைக்கழிக்கிற துணைநாடி யாராவது இருக்கிறாரா?" என்று கேட்கிறீர்கள். நம்மிடம் வருபவரை நோயாளி என்று சொல்லக் கூடாது, துணைநாடி என்றுதான் சொல்ல வேண்டும் என்று எனக்குப் படிப்பித்ததும் நீங்கள்தான். இதுவரை இல்லையென்று தலையாட்டினேன். இன்று இருக்கிறார் என்று சொல்கிறேன். தேநீர் ஆறப் போகிறது, குடியுங்கள்.

இந்தப் பரீட்சையில் நான் இரண்டு தடவை சறுக்கியவள். எழுத்தில் அல்ல, வாய்மொழியில். அங்கே ஒரு தனியாள் ஆய்வு கேட்பார்கள். ஒருவரை நீண்டகாலம் தொடர்ந்து பார்த்திருக்க வேண்டும், பரீட்சை நாளிலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் தடவை படிப்பில் பயங்கொண்ட ஒரு மாணவியைக் கொண்டுபோனேன். பரீட்சகர்கள் கொட்டாவி விட்டார்கள். இரண்டாம் தடவை ஒரு குடிகாரர். அந்த மனிதர் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்பு குடியை விட்டுவிட்டு இத்தாலிக்குப் போய்விட்டார். அவர் திருந்தியதில் எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

மூன்றாம் தடவை கடைசித் தடவை. அதற்குமேல் அனுமதியில்லை. அம்மா யாழ்ப்பாணத்தில் என் தங்கை வீட்டில் இருந்துகொண்டு, "உந்தச் சோதினையோட உன்ர வயசும் போகுது, பிள்ளை" என்று தொலைபேசியில் பெருமூச்சு விடுவார். முப்பத்தொரு வயதில், கற்ற ஒரே தொழிலின் வாசலில் நின்றுகொண்டு உள்ளே போக முடியாமல் இருப்பது என்னவென்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் எல்லாவற்றிலும் முதல் தடவையிலேயே சித்தியடைந்தவர்.

அப்போது ஒரு தொண்டு நிறுவனத்துக்காக ஊர்காவற்றுறைப் பக்கம் போய்வந்தேன். கடற்கரைக் குறிச்சி ஒன்றின் சனசமூக நிலையத்தில், பின்னறையில் ஒரு மேசை, இரண்டு கதிரை. அங்கே வந்தவர்தான் றோசம்மா அக்கா. கணவர் எப்போதோ மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகன் மிரோஜன். வாடைக்காலத்தில் ஒரு விடியற்காலை வலை எடுக்கப் போனவன் திரும்பவில்லை. படகு கவிழ்ந்தபடி கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. குறிச்சி முழுவதும் படகுகளை இறக்கித் தேடியது. உடல் இல்லாததால் அடக்கம் இல்லை, அடக்கம் இல்லாததால் அவர் கறுப்பு உடுக்கவில்லை. தினமும் சோற்றுப் பார்சல் ஒன்று கட்டிக்கொண்டு கரையில் போய்க் குந்தியிருப்பார். இருட்டுப்பட, அதை நாய்களுக்கு அவிழ்த்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவார்.

பாடப்புத்தகம் இதைத் தெளிவற்ற இழப்பு என்கிறது. செத்தார் என்று அழவும் முடியாது, இருக்கிறார் என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. அந்த அத்தியாயத்தை எழுதியவர் றோசம்மா அக்காவைப் பக்கத்தில் இருத்திவைத்து எழுதியது போலிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை ஒளிக்க வேண்டியதில்லை.

நான் அவரோடு நன்றாக வேலை செய்தேன், அதையும் சொல்ல வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக நித்திரை கொள்ளத் தொடங்கினார். கருவாடு காயப்போட்டார். ஒருநாள் எனக்கு நண்டுக் கறி கொண்டுவந்து, "சைவக்காரப் பிள்ளை, இதைச் சாப்பிட்டால் சோதினை பாஸ்தான்" என்று பகிடி விட்டார். சோதினை பற்றி அவருக்குத் தெரியும். அவருடைய கதையை, பெயரை மாற்றி, சொல்லப் போகிறேன் என்று அனுமதி கேட்டிருந்தேன். "என்ர பிள்ளையின்ர கதை நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார்.

சோளகக் காற்றுத் தொடங்கிய நாட்களில் பஸ்ரியாம்பிள்ளை அண்ணை வந்தார். றோசம்மா அக்காவின் தமையன், கடற்தொழிலாளி. கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. கைத்தொலைபேசியை நீட்டினார். இராமேஸ்வரப் பக்கம் இருக்கும் உறவுக்காரர் ஒருவர் அனுப்பிய படங்கள். அக்கரையில் முன்னமே ஒதுங்கிய ஓர் உடல். யாரென்று தெரியாமல் அங்கேயே புதைத்துவிட்டார்கள். முகம் இல்லை. சேர்ட் இருந்தது. கழுத்தில் உத்தரியம், மாதா படம் தைத்த துணித்துண்டு, இருந்தது. அறுந்துபோன கயிற்றுக்குப் பதிலாக வலை பின்னும் தங்கூசி நூலில் றோசம்மா அக்காவே கோத்துக் கொடுத்த உத்தரியம் அது. அந்த முடிச்சை அவர் எனக்குப் பலமுறை கையால் போட்டுக் காட்டியிருக்கிறார்.

"மிரோஜன்தான், மிஸ். என்ர மருமோன்தான்" என்றார் அண்ணை. "பங்குச் சுவாமியிட்டப் போனால் துக்கமணி அடிச்சுப்போடுவினம். அவளுக்கு மணிச் சத்தத்தில தெரியவரக் கூடாது. என்ர வாயால சொல்ல ஏலாது. நீங்கள் படிச்சனீங்கள், பக்குவமாச் சொல்லுவியள்."

இது எங்கள் தீவுகளின் வழக்கம், நீங்கள் நகரத்தவர் என்பதால் சொல்கிறேன். சாவுச் செய்தியை நேரே வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். அதைச் சொல்லத் தெரிந்த ஒருவரிடம் முதலில் ஒப்படைப்பார்கள். முன்பு கோயில் மூப்பரிடம் கொடுத்தார்கள். இப்போது என் போன்றவர்களிடம் கொடுக்கிறார்கள். கொடுத்த பிறகு, சொல்வது எப்போது, எப்படி என்பது வாங்கியவருடைய பொறுப்பு. இடையில் எவரும் வாய் திறக்க மாட்டார்கள். அப்படியொரு கட்டுப்பாடு.

வாய்மொழிப் பரீட்சைக்குச் சில வாரங்கள் இருந்தன. ஆய்வு முழுவதும் எழுதி முடித்து அனுப்பியாகிவிட்டது. உடல் கிடைத்துவிட்டால் தெளிவற்ற இழப்பு என்ற தலைப்பே விழுந்துவிடும். அவர் அழுவார், கறுப்பு உடுப்பார், முப்பத்தோராம் நாள் பூசை கொடுப்பார், பிள்ளையை இழந்த எல்லாத் தாய்மாரையும் போல ஆகிவிடுவார். நான் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிறகு சொன்னேன்:

"அவ இப்ப தாங்கமாட்டா, அண்ணை. முதல்ல அவவை ஆயத்தப்படுத்த வேணும். அதுவரைக்கும் நீங்கள் ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ."

"ஓம், மிஸ். நீங்கள் சொன்னாச் சரி" என்றார். அவருடைய முகத்தில் ஒரு பாரம் இறங்கியதைக் கண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு, வரும்போதெல்லாம் வாசலில் நிற்பார். "இண்டைக்குச் சொல்லுவமோ, மிஸ்?" என்பார். இன்னும் கொஞ்சம் என்பேன். தங்கையின் வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டார். றோசம்மா அக்கா என்னிடம் வந்து குறைப்பட்டார்: "அண்ணை என்னோட முகம் குடுத்துக் கதைக்கிறேல்ல, மிஸ். நான் என்ன பிழை விட்டனான்?" மனிதர்கள் துக்கத்தைப் பலவிதமாகக் காட்டுவார்கள் என்று விளக்கினேன். அதுவும் பாடப்புத்தகத்தில் இருப்பதுதான்.

ஆனால் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. எனக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது அன்றுதான். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் தலைவாரி, பளிச்சென்று வந்து இருந்தார்.

"நான் யோசிச்சனான், மிஸ். அவன் இல்லை. எனக்கு வயித்துக்குள்ள தெரியுது. சுவாமியோட கதைச்சு, உடம்பு இல்லாட்டியும் பூசை ஒண்டு ஒப்புக்குடுப்பம் எண்டு பாக்கிறன். கறுப்புச் சீலைக்கும் சொல்லிப்போட்டன்."

ஒரு வருடமாக நான் உழைத்தது இதற்காகத்தான். ஒருவரும் சொல்லாமல், படமும் பார்க்காமல், தானாகவே கரை ஏறி வந்திருந்தார். அவரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலிருந்தது. அதே நேரம் இத்தாலிக்குப் போன குடிகாரரின் ஞாபகமும் வந்தது.

நான் பொய் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டேன். நம் தொழிலில் நாம் கேள்விதானே கேட்கிறோம்.

"கறுப்பு உடுத்த பிறகு அவன் வந்து வாசலில நிண்டால், அக்கா?"

அவருடைய முகத்தில் நடந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கவனமாகப் பார்த்தேன். பிறகு, "நீங்கள் ஏதும் கேள்விப்பட்டனீங்களோ?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மௌனத்தைத் துணைநாடியே நிரப்ப விட வேண்டும் என்பார்கள். அவர் நிரப்பினார். கைப்பையை எடுத்துக்கொண்டு, கிட்டத்தட்ட ஓடினார்.

அன்றே திரும்பச் சோறு கட்டத் தொடங்கினார் என்று அறிந்தேன். "மிஸ்ஸுக்கு ஏதோ தெரியும், சொல்லக் கூடாதெண்டு வைச்சிருக்கிறா, அவன் எங்கேயோ இருக்கிறான்" என்று அயலுக்கெல்லாம் சொன்னாராம். அந்தக் கடல் ஆழமில்லாதது, கடல் வற்றும் வத்து நேரத்தில் இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் போகலாம். ஒரு மத்தியானம் சோற்றுப் பார்சலைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்து போயிருக்கிறார். கரையில் நின்றவர்கள் இறால் பிடிக்கப் போகிறார் என்று நினைத்தார்கள். காற்று மாறித் தண்ணீர் ஏறியது. பிறகு, கம்பு நட்டுக் கட்டிய களங்கண்ணி வலையைப் பார்க்கப் போனவர்கள், கம்புகளுக்கிடையில் அவரைக் கண்டார்கள்.

செத்த வீட்டுக்குப் போனேன். எல்லோரும் எழும்பி எனக்கு இடம் தந்தார்கள்.

அடுத்த வாரம் வாய்மொழிப் பரீட்சை. மூன்று பரீட்சகர்கள். நடுவில் இருந்த அம்மையார் என் ஆய்வைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இந்தத் தாயின் மகனுடைய உடல் நாளைக்கே கிடைக்கிறது என்று வையுங்கள். என்ன செய்வீர்கள்?"

தடுமாறவில்லை. உடனே சொல்ல வேண்டும் என்றேன். பிந்துகிற ஒவ்வொரு நாளும் அவருடைய நாள், அதை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை. பக்கத்தில் இரத்த உறவு ஒருவர் இருக்க வேண்டும், அண்ணன் இருந்தால் நல்லது. சுற்றிவளைக்காமல், செத்துவிட்டான் என்ற சொல்லையே பாவிக்க வேண்டும். படத்தைக் கேட்டால் காட்ட வேண்டும். அவர் அழும்போது எழும்பிப் போகக் கூடாது. இத்தனையும் சொன்னேன். அம்மையார் பேனையை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "இப்படியொரு செய்தியைச் சொல்கிற நிலை வந்திருந்தால் உங்கள் ஆய்வு இன்னும் சிறப்பாக இருந்திருக்கும்" என்றார். பிறகு, "அவர் இப்போது எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார்.

"தொடர்ந்து பார்த்து வருகிறேன்" என்றேன்.

அது பொய்யென்று நினைக்கிறீர்கள். பொய்யில்லை. அன்று இறுப்பிட்டிக்குத் திரும்பி, கதவைத் திறந்தபோது, என் படிப்பு மேசைக்கு எதிரே இருந்த கதிரையில் றோசம்மா அக்கா இருந்தார். சீலை முழங்கால்வரை நனைந்திருந்தது. தலை வாரியிருந்தார். செவ்வாய்க்கிழமைகளில் வருவது போலவே கைகளை மடியில் வைத்துக்கொண்டு, நான் தொடங்குவதற்காகக் காத்திருந்தார். நெருங்கியவர்களை இழந்தவர்களுக்கு இப்படித் தோன்றுவது இயல்பு, அது நோயல்ல என்று எனக்குத் தெரியும். ஆகவே பயப்படத் தேவையில்லை. ஆனால் பயப்படுகிறேன். மாதக்கணக்காக, வெயில் சாயும் நேரம் வருகிறார். ஒன்றும் கேட்பதில்லை. கேட்டாரானால் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். நான் மேசையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். அவர் கதிரையையும் கொண்டுவந்துவிட்டார். துடைத்த தரையில் உப்புப் பூத்துக் கிடக்கிறது, நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

சித்தியடைந்துவிட்டேன், உங்களுக்குத் தெரியும். அந்தக் கேள்விக்கு முழுப் புள்ளி தந்தார்களாம்.

நான் சொல்ல வந்த துணைநாடி றோசம்மா அக்கா அல்ல. பஸ்ரியாம்பிள்ளை அண்ணை. சாவுக்குப் பிறகு அவர் கடலுக்குப் போவதில்லை, சரியாகச் சாப்பிடுவதுமில்லை. நான்தான் வரச் சொன்னேன். வாரம் தவறாமல் வந்து, தங்கை இருந்த அதே கதிரையில் இருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒன்றையே கேட்கிறார்: "நான் அண்டைக்கே சொல்லியிருந்தால் என்ர தங்கச்சி இருந்திருப்பாளோ, மிஸ்? நான்தானே பயத்தில வாயை மூடிக்கொண்டு இருந்தனான்."

இருந்திருப்பார். இதில் எனக்குச் சந்தேகமில்லை. அவரை வாய் மூடச் சொன்னது நான். கரை ஏறி வந்தவரைத் திரும்பத் தண்ணீருக்குள் தள்ளியதும் நான், தெரிந்துகொண்டுதான் தள்ளினேன், பரீட்சைக்காக. உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அண்ணைக்கு அதைச் சொல்லவில்லை. "அந்தக் குற்றவுணர்ச்சியைப் பற்றி இன்னும் கொஞ்சம் கதைப்பம், அண்ணை" என்கிறேன். அவரும் கதைக்கிறார், அழுகிறார், எழும்பிக் கும்பிட்டுவிட்டுப் போகிறார். தன்னைத் தானே தண்டிக்கும் ஒரு மனதை இவ்வளவு துலக்கமாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அடுத்த வருடம் மேல்நிலை உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன். அதற்கும் ஒரு தனியாள் ஆய்வு கேட்கிறார்கள். அவரை எழுதலாமா என்று உங்களைக் கேட்கத்தான் இன்று வந்தேன்.