ரெண்டாந்தரம் கேக்கல

ஹலோ... ஹலோ, ரொனால்டு தம்பியா? நான் ஐரின் டீச்சர் பேசுறேன். வடமதுரை பக்கத்துல, ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளி ஹெச்.எம்.... ஆமா, ஆமா, காலையில இருந்து கூப்புட்டுக்கிட்டே இருக்கேன், நீங்க எடுக்கவே இல்ல... செத்த இருங்க, உள்ள பிள்ளைங்க சத்தம், வெளிய வந்துர்றேன்... ம், இப்பக் கேக்குதா?... சரி, சரி.

நம்ம அன்புக்கரசி டீச்சர் விசயமாத்தான் தம்பி. உங்க கம்பெனி ட்ரஸ்ட்டு குடுக்குற சம்பளத்துலதான ரெண்டு வருசமா அந்தப் புள்ள இங்க பாடம் நடத்துது... ஆமா. இந்த வருசத்துக்கு இன்னும் ஒரு தகவலும் வரல. தாடிக்கொம்புல ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல அதக் கூப்புட்டிருக்காங்க. இன்னைக்கிச் சாயங்காலத்துக்குள்ள வாரியா, இல்லையான்னு சொல்லணுமாம். நான்தான் புடிச்சு வச்சிருக்கேன். கம்பெனிக்காரங்க கைவிட மாட்டாங்கம்மா, பொறுத்திருன்னு... ம்... ம்... என்னது?

லிஸ்ட்டுல இல்லையா?... எங்க ஸ்கூலா?... நல்லாப் பாருங்க தம்பி, விட்டுப்போயிருக்கும்... இல்லையா... ஏசுவே.

எதுக்காம்?... என்ன ரிப்போர்ட்டு?... 'தேவைகள் நிறைவடைந்த பள்ளி'யா? யாரு எழுதுனா அத?... போன மாசம் உங்ககூட ஸ்கூலப் பாக்க வந்தாங்களே, அந்த ஆபீசர் மேடமா?

வெளாட்டுக்குச் சொல்றீங்களா தம்பி? ஸ்டீபன்ராஜ் சார் மாறுதல்ல போனதுல இருந்து அவரு எடம் காலியாத்தான் கெடக்கு. அஞ்சு வகுப்புக்கு நான் ஒருத்தி, அன்புக்கரசி ஒருத்தி. அதுவும் போயிருச்சுன்னா... இல்ல, நீங்க சொல்லுங்க, எந்தக் கண்ணால பாத்தாங்க அந்தம்மா?... ஃபோட்டோவா?... ஃபோட்டோவுல என்ன இருக்கு?

அட, அந்தச் சேரா! அது கல்யாண மண்டபத்துச் சேரு தம்பி! பெரியகருப்பன் அண்ணன் அவரு மண்டபத்துல இருந்து டிராக்டர்ல ஏத்தி விட்டாரு. இங்க பிள்ளைங்க தரையிலதான் உக்காருதுக. வந்தவுங்கள எப்புடித் தரையில உக்கார வைக்கிறது?... ஃபேனு எங்க வீட்டு ஃபேனு. புரஜக்டரு எங்க கோயில் ஃபாதர்கிட்டக் கேட்டு வாங்கிட்டு வந்தது, மறுநாளே திருப்பிக் குடுத்தாச்சு... பெயிண்டு நீங்க வாரீங்கன்னு அடிச்சது. அதுக்கு முன்னாடி காரை பேந்துல்ல கெடந்துச்சு!... பிரியாணியா? ஏன் தம்பி, நீங்களும்தான மறுசோறு வாங்கிச் சாப்ட்டீங்க? ஊர்க்காரங்க வீட்டுக்கு வீடு அரிசி போட்டு ஆக்குனதுன்னு அப்பத் தெரியலயா?

ம்... ம்... சரி, கோவப்படல. சொல்லுங்க.

நானா?... நான் சொன்னேனா? எப்ப?...

...ஆமா. சொன்னேன்.

டீச்சர், உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டாங்க. ஒண்ணும் வேணாம் மேடம், இம்புட்டுத் தூரம் நீங்க வந்ததே போதும்னேன்... அப்புறம் வேற என்ன தம்பி சொல்லுவாங்க? வந்தவுங்க வாயத் தொறந்த ஒடனே அதக் குடு, இதக் குடுன்னு கையேந்துறதா? நீங்களும் நம்ம பக்கம், நாகல் நகர்க்காரருதான? உங்க வீட்டுக்கு நான் வந்து, காப்பி குடிக்கிறீங்களான்னு உங்கம்மா கேட்டா, ஒடனே குடுங்கன்னா சொல்லுவேன்? வேணாம்பேன். அட, குடிங்க டீச்சர்னு இன்னொருக்கா சொல்லுவாங்க. அப்புறந்தான வாங்குவேன்? அந்த மாதிரி மேடம் ரெண்டாந்தரம் கேப்பாங்கன்னு பாத்துக்கிட்டே நின்னேன். கேக்கல. கார்ல ஏறிட்டாங்க. கதவுகிட்ட வந்து நின்னேன்ல, நீங்ககூட என்ன டீச்சர்னீங்க... அதுக்குத்தான் நின்னேன்.

ம்... டெல்லியிலயே வளந்தவுங்களா. சரி, அவுங்களுக்குத் தெரியாது, ஒத்துக்கிறேன். உங்களுக்குத் தெரியும்ல? பக்கத்துலதான நின்னீங்க? இவுங்க வழக்கம் இது மேடம், மறுபடி கேளுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?... ம்... ஆமா, மேலதிகாரி முன்னாடி எப்புடிப் பேசுறது. உங்க பொழப்பு உங்களுக்கு.

சரி, இப்பக் கேக்குறேன். வெக்கத்த விட்டுக் கேக்குறேன். எங்களுக்கு டீச்சர் வேணும் தம்பி. சேரு வேணாம், ஃபேனு வேணாம், ஒரே ஒரு டீச்சர். ருக்சானான்னு ஒரு புள்ள, மூணாப்பு வரைக்கும் ஒரு எழுத்து தெரியாது அதுக்கு. இப்ப வடை மடிச்சுக் குடுக்குற பேப்பரக்கூட விடாம வாசிக்குது. எல்லாம் அன்புக்கரசி கைராசி. மேடம்கிட்ட நீங்க சொல்லுங்க, இல்லாட்டி அவுங்க நம்பரக் குடுங்க, நானே பேசுறேன்... ம்... மீட்டிங் முடிஞ்சு கையெழுத்தும் ஆயிருச்சா... அடுத்த வருசமா. அடுத்த வருசம் ருக்சானா ஆறாப்பு போயிரும் தம்பி.

அப்ப எங்களுக்கு வரவேண்டிய பணத்த எதுக்குக் குடுக்குறாங்க?... ஆசிரியர்களுக்கு ஊக்கமளிக்கும் விழாவா? ஓட்டல்லயா?... நல்லாருங்க. நல்லா ஊக்கம் குடுங்க.

என்ன, இன்னும் ஒரு விசயமா?... எனக்கா?... விருதா! எதுக்கு?... 'தன்னிறைவு பெற்ற பள்ளி'... அம்மாடி. கேடயம் வேறயா... சால்வையும் உண்டா... இல்ல, சிரிக்கல தம்பி. வயிறு எரியுது எனக்கு.

செத்த லைன்லயே இருங்க, அந்தப் புள்ள வாசல்ல வந்து நிக்குது... அன்பு, இங்க வாம்மா. தாடிக்கொம்பு ஸ்கூலுக்கு ஃபோனப் போட்டு வாரேன்னு சொல்லிரு... ஆமாம்மா, இல்லைன்னுட்டாங்க... ஏய், பிள்ளைங்க பாக்குதுக, அழுகாத. உன் மேல என்ன தப்பு? போயி மூஞ்சியக் கழுவு. சாயங்காலம் வரைக்கும் இருந்து அந்தக் கழித்தல் கணக்க மட்டும் முடிச்சுக் குடுத்துட்டுப் போ தாயி.

ஹலோ... ம், இருக்கேன்... ஆமா, சொல்லிட்டேன். நாளையில இருந்து இங்க நான் மட்டுந்தான்... நீங்க வருத்தப்பட்டு என்னாகப் போகுது, விடுங்க.

எத உறுதிப்படுத்தணும்?... விழாவுக்கு வாரதயா? என்னைக்கி?... புதன்கெழமையா? பள்ளிக்கூடம் இருக்கே அன்னைக்கி... ம்... முழுநாளும் இருக்கணுமா... சரி, வாரேன்னே எழுதிக்கங்க. ஸ்கூலப் பூட்டிட்டு வந்துர்றேன்... ஆமா தம்பி, பூட்டிட்டுத்தான். நான் அங்க வந்துட்டா இங்க பாடம் நடத்த வேற யாரு இருக்கா?