கயிறு பிறகுதான் அறுந்தது

அவைத் தலைவர் தலைமையாசிரியர் கங்காதரன் அவர்களே, மேடையில் இருக்கும் பெரியோர்களே, அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பொதுமக்களே, கணவரைப் பறிகொடுத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும், என் கூடப் பிறக்காத தங்கை ஞானசௌந்தரி அம்மாளே! எல்லோருக்கும் வணக்கம். இந்த வாசகசாலைக்கு வெளியே கிணற்றடியில் நின்றுகொண்டிருக்கும் வண்டிக்கார வரதனே, உனக்கும் வணக்கம். உன்னை யாரும் அழைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் அழைக்கிறேன்.

தலைவர் எனக்குப் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். நான் கள்ளிக்குப்பத்தில் வண்டிப்பட்டறை வைத்திருக்கும் துலுக்கானம். பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் அல்ல. பழைய பத்திரிகைத் தாளில் ஆணி பொட்டலம் கட்டி வரும். அதைப் பிரித்து வைத்துக்கொண்டு எழுத்துக் கற்றவன். எனக்குச் சுருக்கிப் பேச வராது. மணி அடித்தாலும் முடிக்காமல் உட்கார மாட்டேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஃபிட்டர் பிரகாசம் அவர்கள் மறைந்து இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. எப்பேர்ப்பட்ட மனிதர்! ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஆறு நாள் உழைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்த கையோடு ஊர்க்காரர்களின் இறைப்பு எஞ்சினைப் பிரித்து உட்கார்ந்துவிடுவார். கோவில்பதாகையில் எத்தனை கழனிக்கு அவர் கையால் தண்ணீர் பாய்ந்திருக்கிறது? உங்களில் எத்தனை பேர் வீட்டுத் தையல் மெஷின் அவரால் ஓடுகிறது? கை தூக்கச் சொன்னால் இந்தக் கூடத்தில் தூக்காத கை இருக்காது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் அவர் முதன்முதலாக என் பட்டறைக்கு வந்தார். மரச்சட்டம் ஒன்றை நெருப்பு காட்டி வளைத்துத் தரவேண்டும் என்றார். எதற்கு என்றேன். ஆகாய விமானத்துக்கு என்றார். நான் சிரித்துவிட்டேன்.

“ஏரோப்ளேனா? அதுல மாட்ட எங்க நைனா கட்டுவே?”

“மாடு மூக்குமேல சுத்தும் மேஸ்திரி. நீ சட்டத்த வளைச்சுக் குடு, நான் மாட்ட இட்டாறேன்” என்றார். மூக்கில் சுழலும் விசிறியைத்தான் மாடு என்றார்.

அன்று ஆரம்பித்தது. ஆறு வருஷம்! பழைய மோட்டார் எஞ்சின் ஒன்று, தேவதாரு மரம், துணி, பசை. இவற்றை வைத்துக்கொண்டு கோவில்பதாகை ஏரிக்கரைக் கொட்டகையில் அவர் ஒரு விமானத்தைக் கட்டினார். ஊரில் பார்த்த விமானங்களுக்கெல்லாம் வாலில் சின்னச் சக்கரம் இருந்தது. அவர் அதை மூக்குக்குக் கீழே வைத்தார். காய்ந்த ஏரி மண்ணில் ஓடும்போது மூக்குக் குத்திக் கவிழக் கூடாது என்பது அவர் யோசனை. யார் சொல்லிக் கொடுத்தது? யாருமில்லை. என்னைப் போலவே அவரும் தானாகக் கற்றவர். அதனால்தான் எனக்கு அவரைப் பிடித்தது. அதனால்தான் அவரோடு ஓயாமல் சண்டையும் போட்டேன்.

போன சித்திரையில் அது எழும்பியது. பனைமர உயரம் பறந்தது என்று எனக்கு முன்னால் பேசியவர் சொன்னார். அது பொய். ஒரு ஆள் உயரம்தான் எழும்பியது. இரண்டு கழனி தூரம்தான் போனது. ஆனால் எழும்பியது! நான் பார்த்தேன். அது போதாதா? பிரகாசத்தின் புகழுக்கு நாம் பனைமரம் சேர்க்க வேண்டுமா?

இறங்கும்போது மூக்குச் சக்கரம் ஒரு மேட்டில் மோதிவிட்டது. சக்கரத்துக்குள் அச்சைப் பிடித்திருக்கும் புஷ் என்ற குழாய் தேய்ந்து, சக்கரம் ஆட ஆரம்பித்தது. அதை மாற்ற மூக்கைத் தூக்க வேண்டும். இனி நான் சொல்லப்போவதைப் பொறுமையாகக் கேளுங்கள். இங்கே பேசிய நான்கு பேரும் இதை விதி என்றார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்குத்தான் சௌகரியம்.

மூக்கைத் தூக்குவதற்குப் பிரகாசம் ஒரு முறை வைத்திருந்தார். பின்சக்கரம் இரண்டுக்கும் கல் முட்டு கொடுக்க வேண்டும். வாலுக்குச் சற்று முன்னால் சட்டம் வலுவாக இருக்கும் இடத்தில் இரும்பு வளையம் ஒன்று உண்டு. அதில் மணல் மூட்டைகளைக் கயிறு போட்டுத் தொங்கவிட வேண்டும். வால் தாழும், மூக்கு எழும்பும். எழும்பியதும் மூக்குக்கு அடியில் மரத்தாங்கி வைத்து, அதை ஆட்டிப் பார்த்து, அசையவில்லை என்றால்தான் ஆள் அடியில் போக வேண்டும்.

மணல் மூட்டை கட்டுவது வரதன் வேலை. மரத்தாங்கி செய்வது என் வேலை.

நான் செய்த தாங்கிக்கு ஒரு கால் குட்டையாக இருந்தது. பிரகாசம் ஆட்டிப் பார்த்தார்.

“ஒரு காலு ஆடுது அண்ணாத்தே. பட்டறைக்கு எத்துகினு போயி, மத்த மூணையும் சீவிக்கினு வா. அதுவரைக்கும் நான் குந்திகினு கீறேன்.”

முப்பது வருஷம் வண்டி செய்தவன் நான். என் வேலையை ஒருவரும் திருப்பி அனுப்பியதில்லை. அதுவும் வரதன் எதிரில்! பெரியோர்களே, அந்தத் தாங்கி ஆடியது. எனக்கே தெரிந்தது. ஆனாலும் நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“தாங்கி எதுக்குப்பா? வண்டி அச்சுக்கு மை போடச்சொல்லோ இன்னா பண்றோம்? பின்னால ஒரு ஆளு குந்தினா முன்னால தூக்கிக்கும். வேலை முடிஞ்சுது. நான் குந்துறேன்.”

வண்டிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். பின்பாரம் ஏற்றினால் நுகத்தடி தானாக எழும்பும். வண்டிக்கு அது சரி. வண்டிக்கு அடியில் யாரும் மல்லாந்து படுப்பதில்லையே!

பிரகாசம் வேண்டாம் என்றார். இரண்டு தடவை சொன்னார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூன்றாவது தடவை அவர் சொல்லவில்லை. கிழவன் மனம் நோகக் கூடாது என்று ஒத்துக்கொண்டார். வரதன் கட்டிய இரண்டு மூட்டையும் தொங்கின. மூன்றாவது மூட்டைக்குப் பதிலாக, அந்த இடத்துச் சட்டத்தின் மேல் பலகை போட்டு நான் ஏறி உட்கார்ந்தேன். மூக்கு எழும்பியது. பிரகாசம் அடியில் படுத்துச் சக்கரத்தைக் கழற்றினார். கழற்றிய பிறகு அங்கே சக்கரத்தைப் பிடிக்கும் இரும்புக் கவை மட்டும்தான் கீழ்நோக்கி நின்றது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்த இடத்தில் நெளிந்தேன். அடியிலிருந்து பிரகாசம் குரல் கொடுத்தார்:

“இன்னா வரதா, மூணாவது மூட்ட ஆடுது? நல்லா இஸ்துக் கட்டலியா?”

“அது பேசற மூட்ட நைனா. வாயைத்தான் கட்டணும்” என்றான் வரதன்.

இரண்டு பேரும் சிரித்தார்கள். வேலை செய்கிற இடத்தில் இதெல்லாம் பேச்சா? தினம் பேசுவதுதான். இதைவிட மோசமாக நான் அவர்களைக் கிண்டல் செய்திருக்கிறேன். ஆனால் அன்று எனக்குள் அந்தக் குட்டைக்கால் குத்திக்கொண்டிருந்தது.

“நான் மூட்டையாடா உங்களுக்கு?” என்றேன். இறங்கிவிட்டேன்.

இறங்கிவிட்டேன் ஐயா! அடியில் ஆள் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அவர் குரலுக்குத்தானே பதில் சொன்னேன்! கால் தரையில் பட்ட பிறகுதான் புத்தி வந்தது. அதற்குள் வால் மேலே போய்விட்டது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு போன வேகத்தில் கயிறு வெட்டி இழுத்து அறுந்தது. கயிறு பிறகுதான் அறுந்தது. முதலில் இறங்கியவன் நான். கவை பிரகாசத்தின் மார்பில் இறங்கியது.

வரதன் வண்டியில்தான் அவரை ஆஸ்பத்திரிக்குப் போட்டுக்கொண்டு வந்தோம். அம்பத்தூர் ரஸ்தாவில் போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தி விசாரித்தார். பிரகாசம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “கயிறு அறுந்துபோச்சுங்க, யார் மேலயும் தப்பில்ல” என்றார். அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். வண்டி ஓட்டிக்கொண்டிருந்த வரதன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தக் கயிற்றைக் கட்டியவன் யார் என்று ஊர் கேட்டது. வரதன் என்று ஊரே பதிலும் சொன்னது. செங்கல் சூளைக்காரர் அவன் வண்டிக்கு லோடு கொடுப்பதை நிறுத்தினார். வேலப்பன்சாவடி வைக்கோல் வியாபாரி நிறுத்தினார். “மேஸ்திரிதான் இறங்கினாரு” என்று அவன் வீடு வீடாகப் போய்ச் சொன்னான். சாகப்போகிறவர் சொன்னதையே பொய்யாக்குகிறான் என்று அவனைத் துரத்தினீர்கள். போன வாரம் அவன் ஒரு மாட்டை விற்றுவிட்டான். இருபத்திரண்டு நாள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நான் பட்டறையில் சக்கரம் செதுக்கிக்கொண்டிருந்தேன். தங்கை ஞானசௌந்தரி எனக்குச் சோறு போட்டு, “கடைசி வரைக்கும் அவரு கையப் புடிச்சிகினு இருந்தீங்களே அண்ணே, அதுவே போதும்” என்றாள். அந்தச் சோற்றையும் நான் சாப்பிட்டேன்.

பிரகாசம்! உன்னைப் புகழத்தான் இந்த மேடையில் என்னை ஏற்றியிருக்கிறார்கள். புகழுகிறேன். ஆனால் உன் கடைசிப் பேச்சை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என்னைக் காப்பாற்ற நீ சொன்ன பொய், குற்றமில்லாத ஒருவன் அடுப்பை அணைத்துவிட்டது. உயிரோடு இருந்தால் இதை வைத்தே உன்னோடு ஒரு வருஷம் சண்டை போடுவேன். அந்தப் பொய்யை நீ ஒருமுறைதான் சொன்னாய். நான் வாயை மூடிக்கொண்டே தினமும் சொன்னேன்.

யாரும் எழுந்திருக்க வேண்டாம். தலைவர் அவர்களே, நான் இன்னும் முடிக்கவில்லை.

உங்களிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்டால், கிழவன் என்று கொடுத்துவிடுவீர்கள். இன்று மத்தியானமே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்ஸ்பெக்டர் திங்கட்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு என்னை எங்கே வைப்பார்கள் என்று தெரியாது. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

விமானத்தைப் பிரித்து எஞ்சினை விற்றுவிடலாம் என்று இங்கே ஒருவர் சொன்னார். கூடாது! ஞானசௌந்தரி அம்மாளிடம் நேற்றே கேட்டேன். “அவரு ஆரம்பிச்ச வேலை அரைகுறையா கெடக்கக் கூடாதுண்ணே” என்றாள். நான் செய்ததை அவளிடம் சொல்லாமல்தான் கேட்டேன். இப்போது அவளுக்கும் தெரியும். அம்மா, வேண்டாம் என்று நினைத்தால் இப்போதே சொல்லிவிடு, நிறுத்திவிடுகிறேன்.

வேறு தாங்கி செய்திருக்கிறேன். நான்கு காலும் ஒரே அளவு. நான் சொல்வதை நம்பாதீர்கள், வந்து ஆட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோவில்பதாகைக் கொட்டகையில் பிரகாசத்தின் முறைப்படி மூக்கைத் தூக்குவோம். ஆளை உட்கார வைக்க மாட்டோம். எல்லாப் பாரமும் மணல் மூட்டைதான். கழற்றிய சக்கரத்தைப் புது புஷ் போட்டு மாட்ட வேண்டும். அடியில் படுத்து மாட்டப்போகிறவன் நான்.

வரதா, மூட்டையை நீ கட்ட வேண்டும். என் முகத்தில் விழிக்க உனக்கு இஷ்டம் இருக்காது. விழிக்க வேண்டாம், கயிற்றைப் பார்த்துக்கொள். தூக்கச் சொல்வதும் நீ, தாங்கியை ஆட்டிப் பார்ப்பதும் நீ. இந்த ஊரில் யார் பேச்சையும் கேட்காதவன் என்று எனக்குப் பெயர். அன்று நீ “போ” என்று சொல்லும் வரைக்கும் நான் அடியில் தலையை நீட்ட மாட்டேன். நீ “வா” என்று சொல்லும் வரைக்கும் வெளியே வர மாட்டேன். லோடு கொடுக்காதவர்கள் எல்லோரும் வந்து பார்க்கட்டும்.