கிருமிக்கு ஒருசந்தி

அடம்பன் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் ஒரு புருஷனும் மனைவியும் இருந்தார்கள்.

"தவக்காலம் முடியுமட்டும் இனிப்புத் தொடமாட்டனெண்டு கோயில்ல சொல்லிப்போட்டு, என்னத்தைச் சப்பிறியள்?" என்றா மனைவி.

"இது சீனியில்லையப்பா. பல் டொக்டர் சொன்ன சுவிங்கம். வேற இனிப்புப் போட்டது. பல்லரிக்கிற கிருமி சீனியெண்டு நினைச்சு இதைத் தின்னுமாம். ஆனா அதுக்குப் பெலன் வராதாம்."

"அப்ப கிருமி பட்டினியோ?"

"ஓம்."

"நல்லாயிருக்கு! இனிப்பு உங்களுக்கு, ஒருசந்தி நோன்பு கிருமிக்கு."

அவர் வாயிலிருந்த சுவிங்கத்தை எடுத்துக் கடதாசியில் சுற்றினார்.

அடுத்த தரிப்பிடம் தாண்டினதும் மனைவி அவர் பக்கம் திரும்பினா.

"இன்னொண்டு எடுத்துச் சப்புங்கோ. தவக்காலம் முடிய, உயிர்த்த ஞாயிறுக்கெண்டு பனங்கட்டி எடுத்து வைச்சிருக்கிறன். பல்லில்லாமல் எப்பிடிக் கடிப்பியள்?"