பருத்திப்பட்டு மூஞ்சூறு

மூஞ்சூறை யாராவது எலி என்று சொன்னால் திருத்தாமல் என்னால் இருக்க முடியாது. அது எலி இனமே இல்லை, பூச்சி தின்னும் தனிக் குடும்பம். நம் நாட்டிலிருந்து கப்பல் சரக்கோடு ஆப்பிரிக்கக் கரை வரைக்கும், ஜப்பான் தீவுகள் வரைக்கும் பரவியது. இத்தனை தூரம் பரவிய பிராணி எப்படி ஒரே இனமாக இருக்கும் என்று பதினெட்டு வருடம் கல்லூரியில் பாடம் நடத்தியவன் நான்.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் இருப்பது புது இனம் என்று கட்டுரை எழுதினேன். ஆனால் கரையில் வைத்த கூண்டுகளில் சாதாரண மூஞ்சூறுதான் விழுந்தது. சின்னதாக, கறுப்பாக ஆறு மூஞ்சூறு கிடைத்தது குமணன்சாவடி லாரிக் கிடங்கில். எந்தச் சரக்கோடு எங்கிருந்து வந்தவையோ. பிடித்த இடம் குறிக்கும் சீட்டில் பருத்திப்பட்டு என்றே எழுதினேன்.

எனக்குக் கூண்டு வைத்துக் கொடுத்தவள் நாகவல்லி. சீட்டைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா சார், ஊர மாத்தி எழுதிக்கீறீங்க? யாராச்சும் கேட்டா நான் கெடங்குன்னுதான் சொல்லுவேன்."

கட்டுரையைச் சரிபார்க்க யூசுப் என்ற ஆய்வாளர் வரவிருந்த வாரத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. நினைவு தப்பியபோது நான்தான் ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். இறக்கும்போது அவள் காதுக்குப் பின்னால், பீடி சுட்டதுபோல் ஒரு கறுத்த பொருக்கைப் பார்த்தேன். உண்ணி கடித்த அடையாளம் அது, உண்ணிக் காய்ச்சல். மூஞ்சூறு பிடிப்பவர்களுக்கு வரும். தெரிந்துவிட்டால் மாத்திரையிலேயே குணமாகும்.

"எலி கிலி நடமாடுற இடத்துல வேலை செய்றாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லை. வீட்டு வேலை."

அவள் கூந்தலை இழுத்துக் காதை மூடினேன். யூசுப் போகும்வரை நான்கு நாள் பேசாமல் படுத்திருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

மண்ணூர்பேட்டை கம்பெனியிலிருந்து அவள் மகள் அனுசுயா ஓடிவந்தாள். "டாக்டராண்ட எல்லாத்தியும் சொல்ட்டீங்களா சார்?"

"சொல்லிட்டேன்மா."

வைரஸ் காய்ச்சல் என்று வைத்தியம் நடந்தது. யூசுப்பை ரயிலேற்றிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போனேன், உண்மையைச் சொல்ல. அன்று காலையே அவள் உயிர் போயிருந்தது. போனில் சொல்லியிருக்கலாம். டாக்டரின் எண் என் சட்டைப்பையில் இருந்தது.

புது இனத்துக்கு நாகவல்லியின் பெயரை வைத்தேன். அச்சான பக்கத்தை அனுசுயா கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எங்கம்மாவ யாரு சார் இப்டி நெனப்பாங்க?" என்று என் காலைத் தொட்டாள். நானும் அவள் தலையில் கைவைத்து ஆசி சொன்னேன்.

அப்படி ஓர் இனம் கிடையாது. நாகவல்லியைக் கொன்றது நான்தான். வாக்குமூலமாக எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கட்டுரையிலிருந்து அவள் பெயரை மட்டும் நீக்கச் சொல்லாதீர்கள். நான் அவளுக்குச் செய்த மரியாதை அது.