கூட்டத்தொடர் முடியும் வரை

— பட்டனை மாத்திப் போட்டிருக்கீங்க.

— தெரியும்.

— தெரிஞ்சேவா?

— கழட்டித் திரும்பப் போடணும்ல. அதுவரைக்கும் அந்த ஆளு முன்ரூம்ல உட்கார்ந்திருக்கட்டும்.

— பாவம், சட்டசபைச் செயலாளரே நேர்ல வந்திருக்காரு. ரெண்டு காபி குடிச்சாச்சு. நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னைக்கே தீர்மானம் கொண்டு வந்துடுவாங்களாம்.

— என்னன்னு?

— உங்க எதிர்லதானே சொன்னாரு. அன்னைக்கு உங்களுக்குக் குடுத்த தண்டனை தப்பு, அதை ரத்து பண்றோம், சபைக் குறிப்புலேர்ந்தே எடுத்துடறோம்னு.

— நடக்கவே இல்லைங்கிற மாதிரி.

— ஆமா. நம்ம பொண்ணு போன்ல அழுதுட்டா. அப்பா பேர்ல இருந்த கறை போயிடும்மான்னு.

— கறையா... நான் பத்திரிகையில எழுதினதுல என்ன தப்பு? தண்ணி மசோதாவுக்குக் கை தூக்கினவங்கள்ல பாதிப் பேர் சோம்பல் முறிக்கத்தான் தூக்கினாங்க, அதையும் ஓட்டுன்னு எண்ணிட்டாங்கன்னு எழுதினேன். கண்ணால பார்த்ததை எழுதினேன்.

— சபையோட உரிமையை மீறிட்டீங்கன்னு கூப்பிட்டு நிக்க வெச்சாங்கல்ல.

— சபாநாயகர் மன்னிப்புக் கேளுன்னாரு. கை தூக்கினவங்க முழிச்சிருந்தாங்கன்னு நிரூபிங்க, கேக்கறேன்னேன்.

— வாய்... அந்த வாய்தான் உங்களை உள்ள தள்ளுச்சு.

— உள்ள என்ன உள்ள. சபைக் கட்டடத்து மாடி ரூம். கூட்டத்தொடர் முடியற வரைக்கும் காவல். முடிஞ்சா விட்டுடணும். அதுக்கு மேல வெச்சிருக்க சபைக்கே அதிகாரம் கிடையாது.

— நூலகத்துக்கு மேல. ஜன்னலைத் திறந்தா பழைய புஸ்தக வாசனை வரும்.

— உனக்கு ஞாபகம் இருக்கா?

— இருக்காதா? கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகலை. தினம் மத்தியானம் கேரியரைத் தூக்கிட்டு அத்தனை படியும் ஏறினவ நான். வாசல்ல நின்ன காவலர் மூடியைத் திறந்து சோதனை போட்டுட்டு, எனக்கும் கொஞ்சம் வெச்சிருக்கியாம்மான்னு கேப்பாரு.

— நல்ல மனுஷன். நாம பேச ஆரம்பிச்சா சுவரைப் பார்த்துத் திரும்பி நிப்பாரு.

— நாம பேசினதே அப்பத்தான். அதுக்கு முன்னாடி, ஆபீஸ்லேர்ந்து நீங்க வரும்போது நான் தூங்கிட்டிருப்பேன். நான் எந்திரிக்கும்போது நீங்க குறட்டை. வீட்டுக்காரர் எப்படிம்மான்னு அம்மா கேட்டா, நல்லாத் தூங்கறாருன்னுதான் சொல்லத் தெரிஞ்சுது.

— கிண்டலா...

— நிஜம்ங்க. உங்களுக்குப் பாடத் தெரியும்னே அந்த ரூம்லதான் எனக்குத் தெரிஞ்சுது.

— நீ மேல படிக்க ஆசைப்பட்டதையும் அங்கதான் சொன்னே. சொல்லும்போது அழுதே.

— அழல.

— அழுதே. சபை கலையற மணி அடிச்சா பார்வையாளர் வெளிய போயிடணும். அன்னைக்கு மட்டும் மணி அடிச்சிடக் கூடாதேன்னு நான்...

— அடிக்கலையே. நம்ம கூட்ஸ் வண்டி அண்ணன் பேசிட்டிருந்தாரே.

— அந்த எதிர்க்கட்சிக்காரரை மறக்க முடியுமா? என்னை விடுதலை பண்ணுங்கன்னு தினம் எந்திரிச்சுடுவாரு. பேச்சு பெட்டி பெட்டியா வந்துட்டே இருக்கும், கடைசிப் பெட்டி மட்டும் வரவே வராது. வராந்தா ஸ்பீக்கர்ல அவர் குரல் கேட்டாலே நீ சாவகாசமாக் காலை நீட்டிப்பே.

— சோம்பல் முறிச்ச உறுப்பினர் ஒருத்தர் மேல வந்தாரே, ஞாபகம் இருக்கா?

— தம்பி, சத்தியமா நான் முழிச்சுத்தான் இருந்தேன், பக்கத்துல இருந்தவருதான் தூங்கினாருன்னாரு. கொஞ்ச நேரத்துல அந்தப் பக்கத்துல இருந்தவரும் வந்து அதையேதான் சொன்னாரு.

— நான் சிரிச்ச சிரிப்புல காவலரே திரும்பிட்டாரு... சரி, சரி. கதை பேசிட்டே போனா எப்படி? அவர் காத்திட்டிருக்காரு. சரின்னு சொல்லப் போறீங்களா இல்லையா?

— ...இல்லை.

— ஏங்க? அவங்களே தப்புன்னு இறங்கி வராங்க.

— தப்புன்னு சொல்லட்டும். குறிப்புலேர்ந்து எடுக்க வேணாம். நடந்தது நடந்ததாவே இருக்கட்டும்.

— அதான், ஏன்?

— சொன்னா சிரிப்பே.

— சொல்லுங்க.

— சபாநாயகர் தினம் காலையில ஆள் அனுப்புவாரு. மன்னிப்புகூட வேணாம், வருத்தம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லுங்கன்னு.

— தெரியும். நீங்க மாட்டேன்னீங்க. கொள்கைன்னா இவர்கிட்டதான் கத்துக்கணும்னு ஊரே பேசுச்சு.

— முதல் நாள் கொள்கைதான். ரெண்டாவது நாளும் கொள்கைன்னே வெச்சுக்க. அப்புறம்... மத்தியானம் நீ வருவியே.

— கேரியரைத் தூக்கிட்டு.

— வீட்டுக்குப் போனா மறுபடி ராத்திரி வேலை, மறுபடி குறட்டை. எனக்கு வாழ்க்கையில அவ்வளவு சந்தோஷமா வேற எந்த நாளும் இல்லை. அதைப் போய் நடக்கவே இல்லைன்னு எழுத, நான் எப்படிச் சரின்னு சொல்லுவேன்?

— சொல்லாதீங்க.

— நிஜமாவா? பொண்ணு?

— அப்பா பிடிவாதம் பிடிக்கறாருன்னு சொல்லிக்கறேன். நம்ம வீட்டுக்கு அது புதுசா?

— உனக்குக் கோவமே இல்லையா? நான் நினைச்சிருந்தா சீக்கிரம் வெளிய வந்திருக்கலாம். வந்த அன்னைக்கு எல்லாரும் மாலையோட நின்னாங்க, நீ மட்டும் மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டு நின்னே. என் மேல கோவம்னு இத்தனை வருஷமா நினைச்சிட்டிருக்கேன்.

— கோவமா... அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி கூட்ஸ் வண்டி அண்ணன் என்னைப் படிக்கட்டுல நிறுத்தினாரு. முகமே செத்துப் போயிருந்துச்சு. 'தங்கச்சி, இப்பத்தான் ஒருத்தர் புரிய வெச்சாரு. அவரை விடச் சொல்லி நான் பேசறதாலதான் கூட்டத்தொடர் முடியாம இழுத்துட்டே போகுதாம். நாளைக்கு நான் வாயை மூடிட்டு உட்கார்ந்தா உன் வீட்டுக்காரர் வெளிய வந்துடுவாரு'ன்னாரு.

— எனக்கு இது தெரியவே தெரியாதே... நீ என்ன சொன்னே?

— 'அண்ணே, தண்ணி மசோதாவைப் பத்தி நீங்க இன்னும் ஒண்ணுமே பேசலையே'ன்னேன்.