ஆறடி ராடும் சின்ன ரீலும்

கோயிலிலிருந்து நல்லூர் பஸ்ஸில் திரும்பினேன். முன் சீட்டில் இருவர்.

“ஏனுங்க, இடது கையாலயே வீசி, அதே கையால சுத்தற தூண்டில் இருக்குங்களா?”

“ஆறடி ராடும், நரம்பு சுத்தற சின்ன ரீலும் வாங்குங்க. வெல கம்மி, எல்லா மீனுக்கும் ஆகும். ரீல் கைப்பிடிய இடது பக்கம் மாத்திட்டு, ராடைக் கக்கத்துல இடுக்கிச் சுத்தலாம். யாருக்குங்க?”

“தம்பிக்குங்க. கட்டிங் மிஷின்ல வலது கையில நாலு விரலும் போயிருச்சு. ஆஸ்பத்திரியில விரலத் திரும்ப வெச்சுத் தெச்சுட்டாங்கன்னு நெனச்சுட்டிருக்கான். நாளைக்குக் கட்டுப் பிரிக்கறாங்க.”

“இன்னும் சொல்லலீங்களா?”

“கொளத்துக்குப் போலாம், ராடு வாங்கி வைங்கண்ணாங்கறான். எப்படீங்க சொல்லறது?”

முருகா என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.

அண்ணன் கேட்டார்: “கைப்பிடியக் கடையிலயே மாத்திக் குடுப்பாங்களா? அவன் முன்னால மாத்த என்னால ஆகாதுங்க.”